நான் டிக் போட்ட மாத்திரைகள்

மாத்திரை அட்டைகளை எப்படி அடுக்குவது, காலாவதித் தேதியை எப்படிக் கவனிப்பது, இருப்புப் பதிவேட்டை எப்படி எழுதுவது என்பதையெல்லாம் உங்களுக்குப் படிக்கும்போதே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சொல்லாவிட்டாலும் ஆறு மாதத்தில் கை தானாகக் கற்றுக்கொள்ளும். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அரசு ஆஸ்பத்திரிகளின் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தொரு வருடம் நின்றவள் நான். அங்கே எனக்கு நேர்ந்த ஒரு தவறை, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நேர்ந்த என்று எழுதிவிட்டேன் பாருங்கள். நேரவில்லை, நான் செய்தேன்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் அதிகம். வரிசையில் நிற்பவர்கள் எனக்கு 'மொளகாப்பொடி மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது என் காதுக்கு வரவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இந்த வாயை எனக்குப் பழக்கியவர் என் முதல் பணியிடத்தில் இருந்த மூத்த மருந்தாளுநர். ஓமலூர்ப் பக்கத்து ஆள். காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்திய ஒருவரின் வீட்டுக்கே போய், தெருவே கூடிப் பார்க்கும்படி சத்தம் போட்டுவிட்டு வந்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது. "பாவம் பாத்தீன்னா செத்துப் போவாங்க. திட்டு. உன்மேல இருக்கற பயத்துலயாவது முழுங்குவாங்க" என்றார். அந்த நோயாளி பிழைத்தார். அடுத்த கோடையில் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்து எங்கள் இருவரையும் கும்பிட்டார். அந்த ஒரு கூடை மாம்பழத்தை நம்பி நான் மிச்ச வேலைக் காலம் முழுவதையும் ஓட்டினேன்.

கடைசிப் பதினோரு வருடம் நான் இருந்தது திருச்செங்கோட்டுப் பக்கம். அங்கே தெருவுக்கு நாலு பேராவது ரிக் வண்டியில் இருப்பார்கள். ரிக் என்றால் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி. ஊரில் வண்டி ஏறினால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று எட்டு மாதம், பத்து மாதம் வெளியில்தான். மழைக்காலத்தில் வேலை நிற்கும்போதுதான் வீடு திரும்புவார்கள்.

நோயாளி மாதாமாதம் நேரில் வந்து மாத்திரை வாங்க வேண்டும் என்பது விதி. ரிக்காரர்களுக்கு அந்த விதி சரிப்படாது. அதனால் நாங்களே ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். வீட்டுப் பெண்கள் மருந்து நோட்டைக் கொண்டுவருவார்கள், நாங்கள் ஒரு மாத மாத்திரையைக் கொடுப்போம். உதிரி பாகம் கொண்டுபோகும் வண்டியிலோ, ஆள் மாற்றப் போகும் வண்டியிலோ ஊறுகாய், பருப்புப்பொடியோடு மாத்திரையும் போய்ச் சேரும். கொடுத்ததற்கு அடையாளமாக நோட்டில் தேதி போட்டு, ஒரு டிக் அடித்து, கையெழுத்துப் போடுவோம். இந்த ஏற்பாட்டை இப்போதும் நான் குறை சொல்ல மாட்டேன். இது இல்லாவிட்டால் அந்த ஆட்களில் பாதிப் பேருக்கு மருந்தே கிடைத்திருக்காது. ஆனால் அந்த டிக்குக்கு 'நான் கொடுத்தேன்' என்று மட்டும்தான் அர்த்தம். நாங்கள் எல்லோரும் அதை 'அவர் சாப்பிட்டார்' என்று படித்துக்கொண்டிருந்தோம்.

தங்கராசு ரிக்கில் டிரில்லர், துளை போடும் ஆள். நாற்பத்து மூன்று வயது. ஊருக்கு வந்திருந்த சமயத்தில் மாரடைப்பு வந்து, சேலத்தில் இதயக் குழாய்க்கு ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருந்தார்கள். அவருடைய அப்பாவும் அதே வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். மாத்திரைச் சீட்டோடு தங்கராசுவும் அவர் மனைவி சாந்தாமணியும் முதல் தடவை என் ஜன்னலுக்கு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, பிரஷருக்கு ஒன்று, ராத்திரி சாப்பிட ஸ்டாட்டின் இரண்டு. நம் பக்கத்தில் அதற்குக் கொழுப்பு மாத்திரை என்றுதான் பெயர்.

"அடைச்ச குழாயை விரிச்சு உட்டுட்டாங்க. மறுபடி கொழுப்பு படியாம இருக்கறதுக்குத்தான் இந்த ரெண்டு மாத்திரை. தின்னாலும் ஒண்ணும் தெரியாது, உட்டாலும் ஒண்ணும் தெரியாது. அதனாலதான் இதை உடவே கூடாது" என்றேன்.

"ஏனுங் மேடம், ஆயுசுக்குமா?" என்றார் தங்கராசு.

"ஆயுசு வேணும்னா ஆயுசுக்கும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டு அவர் வண்டி ஏறினார். அதற்குப் பிறகு சாந்தாமணிதான் நோட்டோடு வருவாள். ஒருமுறை பன்னிரண்டு நாள் தாமதமாக வந்தாள். வெண்ணந்தூரில் தங்கைக்குப் பிரசவம், கூட இருக்க வேண்டியதாகிவிட்டது. அந்தக் காரணத்தை அவள் முடிப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். "புருசன் உசுரு உனக்கு வெளையாட்டா இருக்குதா? இன்னொருக்கா தேதி தப்புச்சுன்னா பேரை அடிச்சுப் போடுவேன், சேலத்துக்கே போய் வாங்கிக்க" என்று நாற்பது பேர் முன்னால் கத்தினேன். பேரை அடிக்க எனக்கு அதிகாரம் கிடையாது, அது அவளுக்குத் தெரியாது. கண் கலங்க நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் எந்த மாதமும் ஒரு நாள்கூடத் தேதி தவறியதில்லை. திட்டினால் எப்படி வேலை நடக்கிறது பாருங்கள் என்று கூட வேலை செய்தவர்களிடம் நானே இதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் தங்கராசு வந்தார். ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு எக்கச்சக்கமாக இருந்தது. எங்கள் டாக்டர் சின்ன வயதுக்காரர், வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகம் சரியானது. என்னை உள்ளே கூப்பிட்டார்.

"மேடம், இவர் மாத்திரை ஒழுங்கா எடுக்கறாரா? எடுத்தா இவ்வளவு இருக்காதே."

நான் நோட்டைப் பிரித்து அவர் மேசையில் வைத்தேன். பக்கம் பக்கமாக என் டிக், என் கையெழுத்து. "ஒரு மாசம்கூட விடலைங்க டாக்டர். நானே என் கையால குடுத்திருக்கறேன்."

டாக்டர் தங்கராசுவைப் பார்த்தார். "சாப்பிடறீங்கதானே?"

தங்கராசு டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சாப்படறனுங்க" என்றார்.

"வேற தொந்தரவு ஏதாச்சும்?"

"காலுதானுங்க கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

இந்த இடத்தைத்தான் நான் பல வருடமாகத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் வாயைத் திறந்துவிட்டார். இன்னும் நாலு வார்த்தை வந்திருந்தால் போதும். நான்தான் குறுக்கே விழுந்தேன். "நாளெல்லாம் இரும்புப் பைப்பு தூக்கற ஆளுக்குக் காலு வலிக்காம பல்லா வலிக்கும்?" என்றேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். தங்கராசுவும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

ஒழுங்காகச் சாப்பிட்டும் குறையவில்லை என்றால் அளவு போதவில்லை என்றுதான் யாரும் முடிவுக்கு வருவார்கள். டாக்டரும் அப்படித்தான் வந்தார். இரண்டு மாத்திரை நான்கானது. ஜன்னலில் நான் நான்கு நான்காகக் கணக்குப் பார்த்து அட்டையை வெட்டிக் கொடுத்தபோது, சாந்தாமணி வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள். "மேடம், ஒண்ணு சொல்லோணுங்க" என்றாள். வரிசை கேட் வரைக்கும் இருந்தது. "எல்லாம் சீட்டுலயே எழுதியிருக்குது. பின்னாடி நிக்கறவங்களுக்கு வழி உடும்மா, நகரு" என்றேன். நகர்ந்துவிட்டாள்.

அவர் வண்டி ஏறிய மூன்றாவது மாதம், சத்தீஸ்கரில் ஒரு காட்டில், பகல் வேலையில் இருக்கும்போதே சரிந்து விழுந்தார். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. உடல் ஆம்புலன்ஸில் இரண்டு நாள் பயணம் செய்து ஊர் வந்து சேர்ந்தது.

செய்தி கேட்டபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. நாம் நம் வேலையைச் சரியாகச் செய்தோம், அவர் விதி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர்தான் நொந்துபோயிருந்தார். "நாலு மாத்திரை போட்டும் இப்படி ஆயிருச்சே மேடம். நான் முன்னாடியே சேலத்துக்கு அனுப்பியிருக்கணும்" என்று இரண்டு மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். யார் யாருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன் பாருங்கள்.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு நாள் மதியம், வரிசை ஓய்ந்த நேரத்தில் சாந்தாமணி வந்தாள். கையில் ஒரு துணிக்கடைப் பை. ஜன்னல் வழியாக அதை உள்ளே தள்ளினாள்.

"இதை வேற யாருக்காச்சும் குடுத்துருங்க மேடம். வெயில் படாமத்தான் வெச்சிருந்தனுங்க, கெட்டுப்போயிருக்காது."

பையைக் கவிழ்த்தேன். மாதம் மாதமாகத் தனித்தனியே காகிதத்தில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்ட பொட்டலங்கள். அத்தனையும் கொழுப்பு மாத்திரை. அட்டைகளின் ஓரத்தில் என் கத்தரி வெட்டின அடையாளம். ஒரு மாத்திரைகூடப் பிதுக்கப்படவில்லை.

அவளேதான் சொன்னாள்.

"வண்டிக்குப் போன மொத மாசம் சாப்பிட்டாருங்க. தொடையும் கெண்டைக்காலும் ஒரே கடுப்புன்னாரு. பைப்பைப் புடிச்சு நிக்க முடியலயாம். நின்னாத்தான வேலை? வேலைன்னாத்தான ஊடு நடக்கும்? மத்த மாத்திரை எல்லாம் அனுப்பு, இதை மட்டும் ஊட்டுலயே வெச்சிரு, மழைக்கு வந்து சாப்பிட்டுக்கறேன்னாரு."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லலை? ஒவ்வொரு மாசமும் வந்து வாங்கிட்டுப் போனியே?"

"வாங்காம உட்டா நீங்க பேரை அடிச்சுருவீங்களே. அப்பறம் நெஞ்சு மாத்திரையும் கிடைக்காதேன்னு பயமுங்க." அழவில்லை. "அன்னைக்கு நாலா ஏத்துனப்ப சொல்லிப் போடலாம்னுதானுங்க நின்னேன். ரெண்டுக்கே காலைத் தூக்க முடியாத மனுசன் நாலை எப்படித் தின்பாருன்னு. நீங்க நகருன்னுட்டீங்க."

குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வெளியே போன மாத்திரையை மறுபடி இருப்பில் சேர்க்கக் கூடாது. அழிக்க வேண்டியவற்றோடு போட வேண்டும். போடும் முன் ஒரு மணி நேரம் அந்தப் பையை என் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை. இதை டாக்டரிடம் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவர் தன் மருந்துதான் பலிக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருப்பார், என் நோட்டு சுத்தமாக இருக்கும். உண்மையைச் சொன்னால், நான் அப்படியும் யோசித்தேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். இந்த முப்பத்தொரு வருடத்தில் எனக்கு அதிக தூரமாகத் தெரிந்த நடை அதுதான்.

டாக்டர் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்.

"சில பேருக்கு இந்த மாத்திரைல சதை வலி வரும் மேடம். அளவைக் குறைக்கலாம். வேற ஸ்டாட்டின் மாத்திப் பார்க்கலாம். வழி இருந்துச்சு" என்றார். பிறகு, "சாப்பிட்டிருந்தா பொழைச்சிருப்பாரான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா சாப்பிட ஒரு வழி பண்ணியிருக்கலாம்" என்றார்.

"நான்தான் டாக்டர், அன்னைக்குக் கால் வலின்னு அவர் சொல்ல வந்தப்ப..."

"நானும்தான் சிரிச்சேன்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவர் கேட்டது என் புத்திக்கு எட்டாத ஒன்று. "அப்பாவுக்கும் இதே வயசுலன்னு சொன்னாங்கள்ல? இது குடும்பத்துல வர்றதா இருக்கலாம். அவருக்குப் பிள்ளைங்க உண்டா?"

ஒரே பையன், கார்த்தி. இருபத்திரண்டு வயது. நாமக்கல்லில் முட்டை லாரியில் லோடு ஏற்றும் வேலை. ஆள் அனுப்பி வரவழைத்து ரத்தம் எடுத்துப் பார்த்தோம். டாக்டர் பயந்தது சரியாகப் போயிற்று. அப்பாவுக்கு இருந்த அளவு பிள்ளைக்கும் இருந்தது. சேலத்தில் ஒருமுறை பெரிய டாக்டரிடம் காட்டி, கார்த்திக்கும் அதே கொழுப்பு மாத்திரை எழுதினார்கள். விடியற்காலையில் லாரிக்குப் போகிற பையன் மாத்திரைக்கு எங்கே வருவான்? சாந்தாமணிதான் மறுபடி நோட்டோடு வந்தாள். அதே அட்டை போட்ட நோட்டு, பெயர் மட்டும் வேறு.

நான் மாறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். 'ஒழுங்கா சாப்படறீங்களா' என்று கேட்பதையே விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். 'எத்தனை மிச்சம் இருக்குது' என்று கேட்கத் தொடங்கினேன். கேட்கும்போது முகத்தை இறுக்கமில்லாமல் வைத்துக்கொள்ளவும் பழகினேன். ஆனால் இத்தனை வருடம் சேர்த்து வைத்த பெயர் முப்பது நாளில் போய்விடுமா? நான் மெதுவாகக் கேட்டால் ஜனங்கள் அதிகம் மிரண்டார்கள். "ஒண்ணுமே மிச்சம் இல்லீங்க மேடம், சத்தியமா" என்பார்கள்.

அந்த வருடம் குமாரபாளையத்தில் இருந்து ஒரு மருந்தாளுநர் மாற்றலாகி வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சல். ஒவ்வொரு ஆளிடமும் நின்று பேசுவாள். மாடு கன்று போட்டதா, மருமகள் வந்தாளா என்றெல்லாம் கேட்பாள். வரிசை நகராது. "இது என்ன சந்தைக்கடையா?" என்று இரண்டு தடவை கடிந்துகொண்டிருக்கிறேன்.

மூன்றாவது மாதம்தான் கவனித்தேன். சாந்தாமணி காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறாள். ஆனால் வரிசைக்கு வருவதில்லை. ஊசி போடும் அறைக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் ஒரு மணிக்குச் சாப்பிடப் போன பிறகு எழுந்து ஜன்னலுக்கு வருவாள். அந்த நேரத்தில் குமாரபாளையத்துக்காரிதான் அங்கே இருப்பாள். மூன்று நான்கு மணி நேரம் ஒருத்தி அப்படிக் காத்திருப்பதென்றால், அன்றைக்கு அவள் கூலிக்கு ஓட்டும் தறிக்குப் போகவில்லை என்று அர்த்தம். ஒரு நாள் கூலி போச்சு.

கூப்பிட்டுப் பேசலாமா என்று நினைத்தேன். என்ன பேசுவது? என்னை மன்னித்துவிடு, இனி என் ஜன்னலுக்கே வா என்றா? அதனால் அடுத்த மாதம் பெஞ்சில் அவளைப் பார்த்ததும் பத்தரை மணிக்கே எழுந்துவிட்டேன். "கொஞ்சம் ஜன்னலைப் பாத்துக்க, உள்ளே சரக்கு பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டு, அலமாரிக்குப் பின்னால் போய் நின்றேன். பிரிக்க ஒரு பெட்டியும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் சாந்தாமணியின் குரல் கேட்டது. முதலில் இரண்டு பேரும் வேறு ஏதோ பேசினார்கள். தங்கையின் குழந்தை நடக்கிறதா என்று குமாரபாளையத்துக்காரி கேட்டாள், நடக்கிறது என்று சாந்தாமணி சொன்னாள். பிறகு,

"போன மாசத்துல எத்தனை மிச்சமுங்க அக்கா?"

"அதை ஏன் கேக்கறீங்க? பாதிக்கு மேல அப்படியே கெடக்குது. பத்து பதினஞ்சு நாளா தொடறதே இல்லை. தொடை கடுக்குது, முட்டைத் தட்டைத் தூக்கிட்டு லாரி ஏற முடியலங்கறான். அவங்கப்பன் சொன்ன அதே பேச்சுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க, கண்ணு."

"அட, நல்லவேளை சொன்னீங்க. வாங்க, நானும் கூட வாரேன், டாக்டர்கிட்ட இப்பவே சொல்லிப்போடலாம்."

ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, இருபது பேர் வரிசையில் நிற்க, அவள் சாந்தாமணியைக் கூட்டிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள். மற்ற நாளாக இருந்தால் நான் கத்தியிருப்பேன். வெளியே வந்து ஜன்னலில் நின்றேன். டாக்டர் சாயங்காலமே கார்த்தியை வரச் சொல்லி, ரத்தம் எடுத்துப் பார்த்து, சில வாரம் நிறுத்தி வைத்து, பிறகு வேறு மாத்திரை குறைந்த அளவில் தொடங்கினார். அது அந்தப் பையனுக்கு ஒத்துக்கொண்டது. இன்றைக்கும் சாப்பிடுகிறான், லாரிக்கும் போகிறான்.

இரண்டு வருடமாக என் வாய்க்குப் பயந்து அந்தப் பெண் சொல்லாமல் மூடி வைத்திருந்ததை, இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து நாலு மாதம் ஆன ஒருத்தி ஒரே மூச்சில் வாங்கிவிட்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? பொறாமையோடு அவமானமும் இருந்தது. ஓய்வு பெறும்வரை மாதத்தில் அந்த ஒரு நாள் ஒரு மணிக்குப் பதில் பத்தரைக்கே எழுந்துவிடுவது என் வழக்கமாயிற்று. அந்தக் குடும்பத்துக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். நான் எழுந்துபோகிறேனா என்று நன்றாகப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் அவள் பெஞ்சை விட்டு எழுவாள்.

குமாரபாளையத்துக்காரி எப்போதாவது போன் செய்வாள். போன வாரமும் செய்தாள். பேச்சுவாக்கில் சாந்தாமணி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"நல்லா இருக்காங்க மேடம். இப்பெல்லாம் காலைல ஜன்னல் தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து மொத ஆளா நின்னுக்கறாங்க. வாங்கிட்டு நேரா தறிக்குப் போயிடறாங்க."

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"நீங்க ரிட்டையர் ஆன அடுத்த மாசத்துல இருந்துங்க மேடம்" என்றாள்.